கலமும் குணமும்

ஓர் உயிரை, அது வாழும் சூழலை மறந்து மதிப்பிடுவது அறமாகுமா?

1896ஆம் ஆண்டில் டான் சாய் யான் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் பால்மரத் தோட்டம் தொடங்கினார். அன்று தொட்டு நாற்றுமேடையில் உழைத்த பாட்டாளி அறிந்த உண்மை ஒன்றுண்டு: நிழலிலும் நீரிலும் செழித்த கன்றின் உறுதி, வெயிலில் நட்ட பின்னரே விளங்கும். ஆய்வுக்கூடத்து உயிரணுவும் இதனையே உணர்த்துகின்றது.

உயிரணுக்கள் உணவின் ஆற்றலை ஏ.டி.பி. என்னும் பொருளாக்கிச் செலவிடுகின்றன. 1929இல் அப்பொருளைக் கண்டறிந்தோருள் ஒருவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகடா சுப்பாராவ் ஆவார். ஒரு குளூக்கோஸ் மூலக்கூற்றை அரைகுறையாகச் சிதைத்தால் நிகர வரவு 2 ஏ.டி.பி.; மைட்டோகாண்ட்ரியா என்னும் நுண்ணுறுப்பில் உயிர்வளியின் துணையோடு முற்றாக எரித்தால் ஏறத்தாழ 30.

மனித இரத்தத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 5 மில்லிமோல் குளூக்கோஸ் உண்டு. ஆய்வுக்கூடங்களில் பெருவழக்காயுள்ள வளர்ப்புக் கரைசல் ஒன்றிலோ 25 மில்லிமோல்! அச்செழிப்பில் பல உயிரணுக்கள், சிறப்பாகப் புற்றுநோய் உயிரணுக்கள், உயிர்வளி சூழ்ந்திருந்தும் அரைகுறை வழியையே நாடுகின்றன. மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கும் மருந்தை அக்கலத்தில் இட்டாலும் அவை பிழைத்திருக்கக்கூடும். மருந்து தீங்கற்றதெனத் தோன்றிவிடும். குளூக்கோசை நீக்கிக் காலக்டோஸ் என்னும் சர்க்கரையைக் கொடுத்தால், எளிய வழியில் போதிய ஆற்றல் கிட்டாமையால் அவை மைட்டோகாண்ட்ரியாவையே நம்பி வாழ வேண்டியதாகின்றது. மறைந்திருந்த நஞ்சு அப்போது வெளிப்படுகின்றது.

முன்னர்ப் பொய்யுரைத்தது உயிரணுவா? அன்று. கொடுத்த கலத்தில் அது மெய்யான விடையையே தந்தது. எல்லாக் கலத்திற்கும் அதுவே விடையென விரித்தவன் மனிதன். அவ்விரிவின் விலையைச் செலுத்துபவனோ, மருந்தை நம்பி அருந்தும் நோயாளி.

இப்பிழை ஆய்வுக்கூடத்தோடு நிற்பதில்லை. தோட்டத்து லயத்தில் மண்ணெண்ணெய் விளக்கொளியில் படித்த பிள்ளையை மந்தமென்று முத்திரையிட்டோரும், வசதியில் வளர்ந்தவனின் வெற்றி முழுவதும் அவன் திறமையே என்று போற்றியோரும் இதனையே செய்தனர்.

ஆயினும், சூழலே எல்லாம் எனக் கூறுவதும் பொருந்தாது. குளூக்கோஸ் மிகுந்திருந்த நாளிலும் மைட்டோகாண்ட்ரியா அங்கேதான் இருந்தது. அதற்கு வேலை குறைந்திருந்தது. அவ்வாறே பிள்ளையின் ஆற்றலும் அழைப்பை எதிர்நோக்கி இருக்கலாம்.

கலமின்றி ஆய்வில்லை, அளவுகோலின்றிக் கல்வியுமில்லை. ஆதலின், தீர்ப்புரைப்போன் எந்தக் கலத்தில் கண்டான் என்பதையும் உடன் உரைத்தல் வேண்டும். கலத்தை மாற்றி மீண்டும் ஒருமுறை பார்த்தல் அதனினும் பெரிய கடமையாகும்.