ஒளடத தானமும் ஒரு விண்ணப்பமும்

ஆகாரம், ஒளடதம், சாத்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் ஒளடதத்தைக் குறித்தே இம்முறை சிந்திக்கின்றோம்.

சாரல் காலத்தில் குற்றாலம் செல்லும் நாம் அருவியை மட்டுமே கண்டு மீள்கின்றோம். தென்காசியைச் சூழ்ந்த சிற்றூர்த் திண்ணைகளில் பீடி சுற்றும் தாய்மாரைக் காண்பதில்லை. புகையிலைத் தூளால் இருமல் முற்றிய பின்னும், மருத்துவமனை சென்றால் அன்றைய கூலி போய்விடுமே என்று தயங்குவோர் அவர்களுள் பலர். மருந்துதான் அவர்களை நாடிச் செல்ல வேண்டும். 2021 ஆகஸ்டு 5 அன்று அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் கருத்தும் இதுவே. நடமாடும் மருத்துவ ஊர்தி அதற்குத் துணையாகும்.

ஊர்தி வாங்க நன்கொடை எளிதில் வரும். பெயர் பொறிக்கலாம் அல்லவா! டீசலுக்கும் ஓட்டுநர் ஊதியத்திற்கும்தான் கைகள் சுருங்குகின்றன. இதற்கு நிறுவனங்களை நாடலாம். 2013ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆம் பிரிவின்படி, ஆண்டு நிகர இலாபம் 5 கோடி ரூபாயை எட்டிய கம்பெனிகள், முந்தைய மூன்றாண்டுச் சராசரி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் சமுதாயப் பணிக்குச் செலவிடல் வேண்டும். மருத்துவப் பணியும் அதில் அடங்கும். விண்ணப்பிக்கும் அறக்கட்டளை சி.எஸ்.ஆர்.-1 படிவத்தில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும்.

துறவியர் இரவார், பிறர் பிணி தீர்க்க இல்லறத்தார் இரத்தல் இழிவன்று. ஆயினும், ‘எப்படியும் குறைத்தே தருவர்’ என்றெண்ணி, 10 இலட்சம் தேவைப்படுமிடத்தில் 15 என்று எழுதினால் பொய்யாமை விரதம் என்னாவது? அவ்வாறு ஒருமுறை நாமே எழுதினோம், இரவெல்லாம் உறக்கமில்லை. காலையில் அத்தாளைக் கிழித்துவிட்டு உண்மைக் கணக்கையே அனுப்பினோம். அதிலும் குறைத்தே தந்தனர். ஊர்தி வாரத்தில் மூன்று நாளுக்கு மாறாக இரண்டு நாளே சென்றது.