ஜூனில் வரும் ஞானம்

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியில் குளிர்காலம் முடியும் தறுவாயில் ஒரு நாள் வரும். என்.ஹெச்.எல். அணிகள் தங்களுக்குள் ஆட்டக்காரர்களை மாற்றிக்கொள்ள அதுதான் கடைசி நாள். கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குப் போகப்போகிற அணி, கோல் அடிக்கத் தெரிந்த ஒரு ஃபார்வர்டை எங்கிருந்தாவது பிடித்து வரும். பதிலுக்குத் தன் இளம் ஆட்டக்காரர்களையும், புதுமுகங்களைத் தேர்ந்தெடுக்கும் வருங்கால டிராஃப்டில் தனக்குரிய வாய்ப்புகளையும் விட்டுக்கொடுக்கும். வருகிறவரின் ஒப்பந்தம் பெரும்பாலும் அந்தக் கோடையோடு முடிந்துவிடும். அதனால் இப்படிப்பட்டவர்களுக்கு ‘ரென்டல்’ என்றே பெயர்.

ரசிகர்கள் அவரை எடைபோடுவது வரன் பார்ப்பதுபோல இருக்கும். வயது என்ன? முழங்கால் எப்படி? இருந்த இடத்தில் ஏன் ஒத்துவரவில்லை? நெருக்கடியில் கைகொடுப்பாரா? கேள்விகளெல்லாம் நியாயமானவைதான். சிக்கல், ஜூன் மாதம் கோப்பை யார் கைக்குப் போனது என்று தெரிந்த பிறகு வருகிறது. ஆள் வாங்கிய நாளில் ஆளுக்கொன்று பேசிய அத்தனை பேரும், தங்களுக்கு அப்போதே தெரியும் என்று அடித்துச் சொல்வார்கள்.

2008 பிப்ரவரி 26 அன்று பிட்ஸ்பர்க் பெங்குயின்ஸ் அணி, அட்லாண்டா த்ராஷர்ஸிடமிருந்து மரியான் ஹோஸாவை வாங்கியது. கூடவே பாஸ்கல் டுப்வி என்றொருவரும் வந்தார். அவரைப் பற்றி யாரும் அதிகம் பேசவில்லை. பிட்ஸ்பர்க் கொடுத்தது கோல்பி ஆர்ம்ஸ்ட்ராங், எரிக் கிறிஸ்டென்சன், ஆஞ்சலோ எஸ்பொசிட்டோ என்ற மூன்று இளைஞர்களையும், அந்த ஆண்டு டிராஃப்டின் முதல் சுற்று வாய்ப்பையும். கொஞ்சநஞ்ச விலை இல்லை. ஹோஸா அதுவரை ஆடிய 55 பிளேஆஃப் ஆட்டங்களில் அடித்திருந்தது 13 கோல்தான். பெரிய ஆட்டத்தில் சுருண்டுவிடுவார் என்ற பேச்சு அவரைத் தொடர்ந்துகொண்டே இருந்தது. போதாக்குறைக்குப் புது அணியில் முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு உட்கார்ந்துவிட்டார்.

அப்படிப்பட்டவர் அந்த வசந்தத்தில் 20 ஆட்டங்களில் 12 கோல் அடித்தார். இன்னும் 14 கோல்களுக்குத் துணைநின்றார். நியூயார்க் ரேஞ்சர்ஸை வீட்டுக்கு அனுப்பிய கூடுதல் நேரக் கோலும் அவருடையதுதான். பிட்ஸ்பர்க் இறுதிச் சுற்றுக்குப் போயிற்று.

ஜூன் 4, டெட்ராய்ட்டுக்கு எதிரான ஆறாவது ஆட்டம். தோற்றால் கதை முடிந்தது. 3-1 என்று பின்தங்கியிருந்தபோது, 87 விநாடி மிச்சமிருக்கையில் ஹோஸா ஒன்றை அடித்து 3-2 ஆக்கினார். கடைசி நொடிகளில் சிட்னி க்ராஸ்பி அடித்த பக், கோல்கீப்பர் ஆஸ்குட் மேல் பட்டுத் தெறித்தது. ஹோஸா மட்டையை நீட்டித் தட்டினார். அந்த ரப்பர் வட்டு வலைக்குள் போகாமல், கோல் வாயைக் குறுக்காகக் கடந்து அந்தப் பக்கம் வழுக்கிப் போனது. மணி அடித்துவிட்டது.

அந்த வட்டு சற்றே திரும்பி உள்ளே விழுந்திருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும். அதற்குமேல் எதுவும் நடந்திருக்கலாம். அந்தச் சில அங்குலத்துக்கும், பிப்ரவரியில் பிட்ஸ்பர்க் மேலாளர் ரே ஷீரோ எடுத்த முடிவின் தரத்துக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. ஆனால் அந்த முடிவு சரியா தவறா என்று பேசுகிறவர்கள் ‘கோப்பை வரவில்லையே’ என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்.

தத்துவத்தில் இது பழைய வழக்கு. பெர்னார்ட் வில்லியம்ஸ், தாமஸ் நேகல் இருவரும் 1976இல் ஒரே கருத்தரங்கில் இதைக் கிளறினார்கள். இரண்டு பேர் ஒரே மாதிரி கவனமில்லாமல் வண்டி ஓட்டுகிறார்கள். ஒருவன் முன்னால் ஒரு குழந்தை குறுக்கே ஓடிவருகிறது, இன்னொருவன் முன்னால் யாரும் வரவில்லை. குற்றம் ஒன்றே, ஆனால் உலகம் இருவரையும் ஒன்றுபோலப் பார்ப்பதில்லை. தன் பிடியில் இல்லாத ஒன்றுக்காக ஒருவரைப் புகழ்வதும் பழிப்பதும் எப்படி நியாயம் என்பது நேகலின் கேள்வி. வில்லியம்ஸ் இன்னும் சங்கடமான இடத்துக்குப் போனார். குடும்பத்தை விட்டுவிட்டு ஓவியம் வரையத் தூர தேசம் போகிற கலைஞன் ஒருவன். அவன் செய்தது தகுமா என்பதை அவன் வரைந்த படங்கள்தான் சொல்ல வேண்டும் என்றால், கிளம்பும் நாளில் அதற்குத் தீர்ப்பே கிடையாது.

இதற்கு நேரெதிர்க் கதை மரியான் காபொரிக். 2014 மார்ச் 5 அன்று லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அவரை கொலம்பஸ் அணியிடமிருந்து வாங்கியது. விலை, மாட் ஃப்ராட்டினும் இரண்டு டிராஃப்ட் வாய்ப்புகளும். காபொரிக்குக்கு 32 வயது. அந்தப் பருவத்தில் காயங்களால் 22 ஆட்டங்களே ஆடியிருந்தார். பிளேஆஃபில் அதே மனிதர் 26 ஆட்டங்களில் 14 கோல்! அந்த ஆண்டு வேறு யாரும் அத்தனை அடிக்கவில்லை. அனஹைமுக்கு எதிரான முதல் ஆட்டத்தில் ஏழு நொடி மிச்சமிருக்கையில் சமன் செய்தார், கூடுதல் நேரத்தில் வென்றும் கொடுத்தார். கோப்பை வந்தது. மேலாளர் டீன் லம்பார்டி மேதை ஆனார்.

ஒன்றை மட்டும் எல்லோரும் வசதியாக மறந்துவிட்டார்கள். முதல் சுற்றிலேயே கிங்ஸ், சான் ஹோஸேவிடம் 0-3 என்ற ஆட்டக் கணக்கில் பின்தங்கிக் கிடந்தது. அந்த நிலையிலிருந்து மீண்டு சுற்றை வென்ற அணிகள் அதற்குமுன் என்.ஹெச்.எல். வரலாற்றில் மூன்றே மூன்று. அடுத்த நான்கு ஆட்டங்களில் ஒன்றை சான் ஹோஸே எடுத்திருந்தால், காபொரிக் ஏப்ரலிலேயே மறக்கப்பட்ட பெயராகியிருப்பார்.

அதிர்ஷ்டத்தைத் திறமைக் கணக்கில் எழுதினால் என்ன ஆகும் என்பதும் இங்கேதான் தெரிகிறது. கோப்பை வந்த சூட்டோடு, அதே ஜூன் மாதம், காபொரிக்கோடு ஏழு ஆண்டு ஒப்பந்தம் போட்டார்கள்: 3 கோடியே 41 லட்சத்து 25 ஆயிரம் டாலர். அடுத்த பருவத்தில் 27 கோல், அதற்கடுத்ததில் 12, பிறகு 10. 2018 பிப்ரவரியில் ஒட்டாவாவுக்குத் தள்ளிவிட்டார்கள். மார்ச்சில் குறைந்த விலைக்கு நல்ல சரக்கு வாங்கிய அதே மேசையில், மூன்று மாதம் கழித்து வெற்றிக் களிப்பு பேனாவைப் பிடித்திருந்தது.

அப்படியானால் எல்லாமே அதிர்ஷ்டம்தானா, எந்த மேலாளரையும் குறை சொல்லக் கூடாதா? அந்தச் சலுகைக்கும் இடமில்லை. 2013 ஏப்ரலில் வாஷிங்டன், 31 வயது மார்ட்டின் எராட்டையும் மைக்கேல் லாட்டாவையும் பெற, முந்தைய ஆண்டு டிராஃப்டில் 11வது ஆளாகத் தேர்ந்தெடுத்த பிலிப் ஃபோர்ஸ்பெர்கை நாஷ்வில்லுக்குக் கொடுத்தது. விலை அதிகம் என்ற குரல் அன்றே எழுந்தது. எராட் வாஷிங்டனுக்காக பிளேஆஃப் தவிர ஆடிய வழக்கமான பருவ ஆட்டங்கள் 62, கோல் 2. ஃபோர்ஸ்பெர்க் பின்னாளில் நாஷ்வில் வரலாற்றிலேயே அதிக கோல் அடித்தவரானார். அவர் அந்த உயரத்துக்குப் போவார் என்பது வேண்டுமானால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் ஒரு வசந்தத்து அவசரத்துக்காகப் பதினெட்டு வயதுப் பையனை விற்கிறார்கள் என்பது, கண்ணைத் திறந்து பார்த்தவர்களுக்கு அன்றைக்கே தெரிந்தது. ஆளை ஆராய்ந்து தெளிவதற்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவர், ஊழுக்கும் தனியே ஓர் அதிகாரம் வைத்தார். ஒன்றைக் காட்டி மற்றதை ரத்து செய்யவில்லை.

பலனில் பற்று வைக்காதே என்று கண்ணன் சொன்னதை இந்த இடத்தில் எடுத்துவிடுவது சுலபம். ஆனால் அந்த அறிவுரை வில்லேந்தி நின்றவனுக்குச் சொன்னது. கேலரியில் உட்கார்ந்திருப்பவனுக்குச் செயலே கிடையாது. அவன் கைக்கு வருவது பலன் மட்டும்தான். அதையும் விட்டுவிடு என்றால் அவன் டிக்கெட் வாங்கி வந்ததற்கு அர்த்தமே இல்லை. ரசிகனுக்குப் பரிந்து பேச ஆள் வேண்டுமென்றால் ஆடம் ஸ்மித் இருக்கிறார். நோக்கத்தை வைத்துத்தான் மதிப்பிட வேண்டும் என்று பொதுவில் எல்லோரும் ஒப்புக்கொள்கிறோம், ஆனால் குறிப்பான ஒரு செயல் முன்னால் வந்ததும் விளைவு நம் மனத்தைச் சாய்த்துவிடுகிறது என்று 1759இலேயே, ஒழுக்க உணர்வுகளைப் பற்றிய தன் நூலில் எழுதினார். அதில் ஒரு நன்மையும் கண்டார்: மனிதன் செயலுக்குப் பிறந்தவன், நல்லெண்ணத்துக்கே முழுப் பாராட்டும் கிடைத்துவிட்டால் யாரும் எழுந்து எதையும் முடிக்க மாட்டார்கள். ஆட்ட மேலாளர்களுக்கு இது பொருந்தும். நன்றாக யோசித்தேன் என்று சொல்லிக்கொண்டு பத்து வருடம் கோப்பையில்லாமல் சம்பளம் வாங்க யாரையும் விடமுடியாது.

ஸ்மித்தின் வாதம் ஓரிடத்தில் இடிக்கிறது. விளைவைப் பார்த்துத் தீர்ப்பு என்றால், எந்தத் தேதியின் விளைவை?

2008 கோடையில் ஹோஸா, பிட்ஸ்பர்க் காட்டிய நீண்ட ஒப்பந்தத்தை மறுத்து, கோப்பை வெல்ல அங்கேதான் வாய்ப்பு அதிகம் என்று சொல்லி டெட்ராய்ட்டில் ஒரே ஓர் ஆண்டுக்குக் கையெழுத்திட்டார். பிட்ஸ்பர்க் கூட்டம் அவரைக் கண்ட இடத்திலெல்லாம் கூச்சலிட்டது. ரசிகர்கள் தினமும் போடுகிற கணக்கைத்தான் அவரும் போட்டார். அதற்கா இத்தனை கோபம் என்றால் ஆமாம், அதற்குத்தான். 2009 இறுதியில் ஏழாவது ஆட்டத்தில் பிட்ஸ்பர்க் டெட்ராய்ட்டை 2-1 என்று வென்றது. அந்தப் பிட்ஸ்பர்க் அணியில், ஹோஸாவுக்குத் துணையாக வந்த டுப்வி இருந்தார். அவர் அங்கேயே தங்கி, 2011-12 பருவத்தில் 25 கோல் அடித்து, இரத்தக் கட்டிகளால் 2015 டிசம்பரில் ஆட்டத்தை விடும்வரை அதே சீருடையில் இருந்தார். ஹோஸாவோ 2010இல் சிகாகோவில் கோப்பையைத் தூக்கினார்.

ஆக, 2008 ஜூனில் பார்த்தால் பிட்ஸ்பர்க்குக்கு நஷ்டம். ஆளும் போனார், கோப்பையும் வரவில்லை. சில ஆண்டு கழித்துப் பார்த்தால் டுப்வி ஒருவருக்கே கொடுத்தது தகும். கொடுத்தவற்றில் எஸ்பொசிட்டோ ஓர் என்.ஹெச்.எல். ஆட்டம்கூட ஆடவில்லை, முதல் சுற்று வாய்ப்பில் அட்லாண்டா எடுத்த பையனும் அப்படியே. அன்று அதிகமாகத் தோன்றிய விலை, அட்லாண்டாவுக்குக் கைமாறிய பிறகு கரைந்துபோயிற்று. இந்தப் பேரத்தில் ஏமாந்தது யார் என்று அட்லாண்டா ரசிகர்கள் உட்கார்ந்து கணக்குப் பார்க்கலாம்தான். ஆனால் அவர்களுடைய அணியே 2011இல் விற்கப்பட்டு வின்னிபெக்குக்குப் போய்விட்டது.