புறச்சமய வாதமும் உரையளவையும்



பிற சமயத்தாரோடு உரையாட நேருங்கால் நம்மவருட் பலர், எடுத்த எடுப்பிலே வேத வாக்கியங்களையும், சிவாகம சுலோகங்களையும், திருமுறைத் திருப்பாட்டுக்களையும் அடுக்கடுக்காய் ஓதி, அவ்வளவில் எதிரியை வென்றுவிட்டதாகக் கருதி அமைகின்றனர். கேட்டவனோ, ‘இவை நும்முடைய நூல்கள்; இவற்றால் எமக்கு ஆவதென்?’ என்று ஒரு சொல்லிற் கூறி நகைத்துச் செல்கின்றான். ஓதியவர் உள்ளம் நொந்து, அவனை மூர்க்கனென வைது மீள்கின்றனர். பூசித்தற்குரிய நூலை, அதனை நூலென்று கொள்ளாதான் முன்னர்க் கொண்டுபோய் வைத்து, அவன் நகைத்தற்கு இடஞ்செய்தவர் யாவர்? அந்நகை ஓதினார்மேற் செல்லாது ஓதப்பட்ட நூன்மேற் செல்லுமாயின், அந்நிந்தைக்கு வித்திட்ட குற்றம் யாரைச் சாரும்? இவ்விரண்டு வினாவையும் அமைதியாக ஆராய்தல் நமக்குக் கடனாகலின், புறச்சமய வாதத்தில் நூற்பிரமாணம் செல்லும் எல்லையும் செல்லா எல்லையும் ஈண்டுச் சிறிது கூறுவாம்.

அளவைகளைப் பலவாக விரித்தார் உளரேனும், அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் அளவையியலில் அவையெல்லாம் காண்டல், கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமென வரையறுத்தருளினார். இம்மூன்றனுள் உரையளவையாவது, இயல்பாகவே மலமில்லாத முதல்வன் அருளிய நூலாம். அது தந்திரம், மந்திரம், உபதேசம் என மூவகைப்படும் என்பதும் அவர் காட்டியதேயாம். காண்டலுக்குங் கருதலுக்கும் எட்டாத பொருள்களை உணர்த்துதலின் உரையளவை நமக்குத் தலைமையுடையதாயிற்று. இதில் நம்மவருள் எவர்க்கும் ஐயமின்று.

எனினும், உரையளவை உரைத்தவனுடைய தகுதியைப் பற்றி நிற்பதொன்றாம். மருத்துவனிடத்து நம்பிக்கையுடைய நோயாளன், ‘இதனை உண்க’ என்ற அளவில் ஆராயாது மருந்துண்பான். அம்மருத்துவனை அறியாதானிடத்துச் சென்று, ‘எம் மருத்துவர் கூறினார், ஆகலின் உண்க’ எனின் அவன் உண்பனோ? அம்மருந்தினால் நோய் நீங்கினாரைக் காட்டல் வேண்டும். அல்லது நோயின் முதலும் மருந்தின் இயல்பும் எடுத்துக் கூறி அவனை உடன்படுவித்தல் வேண்டும். அவ்வாறே, சிவபிரானை முதல்வனென்றும் அவன் வாக்கை நூலென்றும் கொள்ளாதானுக்கு அந்நூல் வாக்கியத்தையே காரணமாகக் காட்டுதல், ‘இந்நூல் மெய்யாதல் எற்றால் எனின், இறைவன் வாக்காதலால்; அவன் இறைவனாதல் எற்றால் எனின், இந்நூல் கூறுதலால்’ என முடிந்து, ஒன்றினையொன்று பற்றுதல் என்னுங் குற்றத்தின்பாற் படும். பாதிரியார் ஒருவர் தம் விவிலிய வாக்கியத்தைக் கூறி, ‘இதனால் எம் மதமே மெய்’ என்னும்போது இக்குற்றத்தை நாம் விரைந்து காண்கின்றோம். அவர்மாட்டுக் குற்றமாவது நம்மாட்டுக் குணமாதல் எங்ஙனம்?

இதனை நாமே புதிதாகக் கூறுகின்றேமல்லேம். நம் ஆசிரியர் மரபே இதுவென்க. மெய்கண்ட தேவர் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களையும் வார்த்திகத்தில் அதிகரணமாகப் பகுத்து, மேற்கோள், ஏது, எடுத்துக்காட்டு என நிறுவிச் செல்வது கற்றார் யாவரும் அறிந்தது. இக்காலத்தார் மேற்கோள் என்னுஞ் சொல்லைப் பிறர் நூலினின்று எடுத்தோதும் வாக்கியத்திற்கு வழங்குகின்றனர். மெய்கண்டார் நூலிலோ மேற்கோளாவது சாதிக்கப் புகுந்த பொருளேயாம். தருக்க நூலார் பிரதிஞ்ஞை என்பது அது. மேற்கோள் கூறியபின் ஏதுக் கூறல் வேண்டும். ஏதுக் கூறாத மேற்கோள் வெறுங் கூற்றாய் ஒழியும். இன்று நம் மேடைகளில் நிகழ்வது யாதெனின், இக்காலத்து மேற்கோளை அக்காலத்து ஏதுவின் இடத்தில் அமர்த்திவிடுதலேயாம்.

இன்னும், அந்நூலின் முதற் சூத்திரம் முதல்வனுண்மையைச் சாதிக்கப் புகுங்கால், ‘வேதங் கூறிற்று’ என்றோ ‘ஆகமம் கூறிற்று’ என்றோ தொடங்கவில்லை. சுட்டியறியப்படும் உலகம் தோன்றி நின்று ஒடுங்குதலைக் காட்டி, அதனாற் கருத்தா ஒருவன் உண்டெனக் கருதலளவையால் நிறுவுகின்றது. எதிரி எந்நூலை உடையனாயினும், எந்நூலும் இல்லாதவனாயினும், அவன் நின்ற இடத்திலே சென்று அவனைச் சந்திக்கும் நெறி அதுவாம்.

சித்தியாரின் பரபக்கமும் இந்நெறியே பற்றியது. உலோகாயதன் முதற் பாஞ்சராத்திரி ஈறாக 14 மதத்தாரை எடுத்துக்கொண்ட ஆசிரியர், ஒவ்வொருவர் கொள்கையையும் முன்னர் அவரவர் கூறுமாறே கூறிப் பின்னரே மறுதலை கூறுவர். காட்சியொன்றனையே அளவையெனக் கொள்ளும் உலோகாயதன்முன் ஆகமத்தை ஓதி அவனை அடக்கப் புகவில்லை. எதிரி உடன்பட்ட அளவையைக் கொண்டே எதிரியோடு வழக்காடுதல் அறிவுடையார் செயலாம்.

நம்மவர் சமயங்களைப் புறப்புறம், புறம், அகப்புறம், அகம் என நால்வகைப்படுத்ததும் இதற்கு ஓர் அளவுகோலாய் உதவும். அகச்சமயத்தாரோடு வழக்கு நிகழுமாயின் சிவாகமம் இருவர்க்கும் பொது. ஆண்டு ஆகம வாக்கியமே தீர்ப்பளிக்கும். கி.பி. 1313-இல் உமாபதி சிவாசாரியர் இயற்றிய சங்கற்ப நிராகரணத்தில் ஐக்கியவாதி, பாடாணவாதி முதலியோரோடு நிகழும் வழக்கிற்கும், பிற்காலத்துச் சிவஞான முனிவர் இயற்றிய சிவசமவாதவுரை மறுப்பிற்கும் இப்பொது நிலமே அடிப்படை. வேதத்தை உடன்பட்டு ஆகமத்தை உடன்படாத புறச்சமயத்தாரோடு வேத வாக்கியம் செல்லும். வேதத்தையும் உடன்படாத பௌத்தர், ஆருகதர் முதலிய புறப்புறத்தாரோடு அதுவுஞ் செல்லாது. கிறித்தவரும் மகம்மதியரும் அந்நால்வகையுள் எண்ணப்பட்டிலரேனும், வேதத்தை உடன்படாமையின், வாதமுறை பற்றிய அளவில் இவ்விறுதி வகையொடு ஒப்பர். எனினும், உலகிற்குக் கருத்தா ஒருவன் உண்டென்பது அவர்க்கும் நமக்கும் பொதுவாகலின், அப்பொது நிலத்தில் நின்று உயிரின் இயல்பு, வினை, பிறவி, முத்தி என்பவற்றை வழக்கிடுதல் கூடும். பௌத்தரோடு அதுவும் கூடாது.

அற்றேல், திருஞானசம்பந்த சுவாமிகள் மதுரையிற் சமணரோடு வாதிட்டபோது திருப்பதிக ஏட்டையே தீயிலும் நீரிலும் இட்டருளினாரன்றோ? புறப்புறத்தார்முன் நம் நூலைக் காட்டியது அதுவன்றோ எனின், அற்றன்று. பிள்ளையார் அவ்வேட்டிலுள்ள பொருளைப் பிரமாணமாகக் கொள்ளுமாறு சமணரைக் கேட்டாரல்லர். தீயிலிட்ட ஏடு வேகாதிருத்தலும், வையையில் இட்ட ஏடு எதிர்த்துச் செல்லுதலும் வெற்றிக்கு அடையாளமென இருசாராரும் முன்னரே உடன்பட்டனர். அரசன் கண்காண அது நிகழ்ந்தது. ஆகவே ஆண்டு எதிரிக்குக் காட்டப்பட்டது கண்கூடேயன்றி உரையன்று. அதுவும் அருட்செயல். அருளாளர் செய்ததனைக் கண்டு நாமும் ஏட்டை நீட்டுவோமாயின், அவர்பால் உள்ளது நம்பாலும் உண்டோவென்று முன்னர் நம்மை நாமே வினாவுதல் வேண்டும்.

பெரியபுராணத்துப் போதிமங்கை வரலாறு நம்மனோர்க்கு இன்னும் அணித்தாய எடுத்துக்காட்டு. ஆண்டுச் சாரிபுத்தன் என்னும் பௌத்தனோடு சம்பந்தசரணாலயர் சொல்வழியே வாதிட்டனர். தம் தலைவன் முத்தியடைந்தான் எனச் சாரிபுத்தன் கூற, முத்தியில் ஐந்து கந்தமும் அழியுமென்பது நும் கொள்கையாகலின், அழிந்தவன்பொருட்டு நீவிர் செய்யும் பூசையைக் கொள்வார் யாவரென அவர் வினாவினர். அவ்வினாவிற்கு உயிராய் நின்றது சைவ நூலன்று. பௌத்தருடைய கந்தக் கொள்கையே. அதனை அவர் ஐயமறக் கற்றிருந்தனராகலின் அவ்வினா பிறந்தது.

இனி, எதிரியின் நூலையே எடுத்தாளும் முறையை ஆராய்வாம். அண்மைக் காலத்து இம்முறைக்குத் தலைசிறந்த சான்று யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் (1822–1879) அவர்களாவர். அவர்கள் 1854-இல் வெளியிட்ட சைவதூஷண பரிகாரம், சைவக் கிரியைகளைப் பழித்த பாதிரிமார்க்கு அவர் விவிலியத்தைக் கொண்டே விடையிறுப்பது. தீபம், தூபம், நிவேதனம், திருமுழுக்கு முதலியன பேதைமை என்றார்க்கு, யாத்திராகமத்திலும் லேவியராகமத்திலும் விளக்குத் தண்டும், தூபவர்க்கமும், பலியும், அபிஷேக தைலமும் அவர் கடவுளாலேயே விதிக்கப்பட்டிருத்தலைக் காட்டினால் அவர் யாது கூறுவர்? இதனை வடநூலார் பிரதிபந்தி என்பர். இருவர்க்கும் ஒக்கும் ஒன்றனை ஒருவர்க்கு மாத்திரம் குற்றமெனல் பொருந்தாது என்பது அதன் கருத்து.

நாவலரவர்களுக்கு இது கைகூடியது எதனால்? அவர்கள் வெஸ்லியன் பாடசாலையில் ஆசிரியராய் இருந்த காலத்துப் பேர்சிவல் பாதிரியார்க்குத் துணையாய் நின்று, விவிலியத்தைத் தமிழிற் பெயர்த்தற்கண் நெடுநாள் உழைத்தவர்கள். அந்நூலின் மூலை முடுக்கெல்லாம் அறிந்தவர்கள். அவர் புத்தகத்தினின்று நான்கு வாக்கியங்களை மாத்திரம் மனனஞ்செய்துகொண்டு இன்று வாதத்திற்குச் செல்வாரை, எபிரெயர்க்கு எழுதப்பட்ட நிருபத்தை அறிந்த கிறித்தவ மாணாக்கனொருவன் எளிதின் மடக்குவான். ‘அப்பழைய விதிகள் வரவிருந்ததன் நிழல், வந்தபின் அவை நிறைவெய்தி ஒழிந்தன’ என்பன். அப்பொழுது, ‘ஒழிக்கப்படுதல் வேறு, இயல்பிலே பாவமாதல் வேறு, கடவுள் ஒருகாற் விதித்தது இயல்பிலே பாவமாதல் யாங்ஙனம்?’ என வினாவுதற்குக் கருதலறிவு வேண்டும். விக்கிரகம் பத்துக் கட்டளையில் விலக்கப்பட்டதே எனின், திருவுருவத்தில் வழிபடப்படுவது கல்லன்று, அங்கு விளங்கி நிற்கும் முதல்வனே எனச் சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரப் பொருளைக் காரணங் காட்டி விளக்குதற்குச் சாத்திரப் பயிற்சி வேண்டும். மனனஞ்செய்த வாக்கியம் இவ்விடங்களில் துணைசெய்யாது.

மற்றுமொன்று. பிரதிபந்தி பழியை விலக்கும், பொருளை நிறுவாது. எதிரியின் இல்லத்திலும் புகையுண்டென்று காட்டிய அளவில் நம் இல்லத்தில் விளக்கு எரிகின்றதென்பது பெறப்படுமோ? நாவலரவர்கள் இதனை நன்குணர்ந்தே, கண்டனத்தோடு அமையாது, பாடசாலைகள் நிறுவியும், பாலபாடங்கள் எழுதியும், புராண வசனமும் சைவ வினாவிடையும் அச்சிட்டும், சைவத்தைச் சைவர்க்கு உணர்த்துதலையே பெரும்பணியாகக் கொண்டார்கள். அவர்தம் கண்டனத்தை மாத்திரம் எடுத்துக்கொண்டு போதனையைக் கைவிடுவார், அவர் வழி நின்றவராகார்.

பிறர் நூலிலுள்ள பெயரையோ சொல்லையோ பிடித்து, எழுத்தைத் திரித்து, ‘இதுவும் எம் சிவனையே கூறிற்று’ என மகிழ்வாரும் உளர். அச்சொல்லிற்கு அந்நூலுடையாரும் அவர்தம் உரையாசிரியரும் கொண்ட பொருளை விட்டு நாம் ஒரு பொருள் கற்பித்தல் நேர்மையன்று. நம் புராண வரலாற்றைத் தத்துவப் பொருள் நோக்காது எடுத்துப் பழித்தவரை நாம் கடிந்தோமன்றோ? அச்செயலையே நாம் பிறர் நூலின்மேற் செய்தல் தகாது. எதிரியின் நூலை எடுப்பவன் முன்பின் முரணாது முழுமையும் கற்று, அந்நூலுடையார் கொண்ட பொருளிலேயே வைத்து வழக்கிடக் கடவன்.

இவ்வாறு கூறுதலால் வேதாகமங்களுக்கும் திருமுறைகளுக்கும் இழுக்குண்டாமோ என அஞ்சுவார் சிலர். இழுக்கின்று; அவற்றின் உரிய இடத்தைக் காத்தலேயாம். கருத்தா ஒருவன் உண்டென்னும் அளவிற் கருதல் செல்லும். அவன் திருவருளின் இயல்பும், பாசம் நீங்குமாறும், முத்தியில் உயிர் நிற்குமாறும் நூலாலன்றிப் பெறப்படா. அவை கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டை கூடல் என்னும் நான்கு படியால் உயிர்க்குப் பயன்படுவன. பிறன் வாயை அடக்குதற்கு ஓதிய திருப்பாட்டு, ஓதினான் உள்ளத்தை உருக்குமோ? உருக்காதாயின், அவன் எதிரியை வென்றானாயினும் தான் இழந்தது பெரிதாம்.

இவ்விழப்பு வாதியோடு ஒழிவதன்று. நம் இல்லத்து இளைஞனொருவன், உடன் பயிலும் பிற சமயத் தோழன் வினாவிய வினாவை மனத்திற் சுமந்துகொண்டு நம்பால் வருகின்றான். ‘இறைவன் அருளுடையனாயின் உயிர்கள் துன்புறுவதென்னை?’ என்கின்றான். அவனுக்கு நாம் ஒரு செய்யுளை ஓதி, ‘இவ்வாறு கேட்டல் கூடாது’ என்று அடக்கிவிடுகின்றோம். அவன் வினாவியது ஏது. நாம் கொடுத்தது கூற்று. இங்ஙனம் இருமுறை மும்முறை நிகழுமாயின், அவன் சைவத்திற்கு விடையில்லையென எண்ணி அகல்வான். ஆணவமலத்தின் அனாதித்தன்மையும், வினைக்கீடாக உடல் கொடுத்து மலம் நீக்கும் மறக்கருணையும் அவன் அறிவிற்கேற்ப ஏதுவோடு உணர்த்தப்படின், அதன்பின் அதே செய்யுளை அவன் தானே எடுத்து ஓதுவான். அவனுக்கு அப்போதே அது பிரமாணமாயிற்றென்க.

ஆதலின், மடங்களிலும் பாடசாலைகளிலும் சித்தாந்தம் பயிற்றும் பெரியோர்கள், சூத்திர மனனத்தோடு அளவையியலையும், பரபக்கத்தையும், பிற சமயத்தார் நூல்களை அவரவர் பொருளிற் கற்றலையும் மாணாக்கர்க்குக் கட்டாயப் பாடமாக்குவாராக. எதிரி உடன்பட்ட அளவையால் வாதிடுக. எதிரி நூலை முழுதுணர்ந்தன்றித் தொடாதொழிக. நம் நூலை அன்புடையார்க்கும் வினாவி வந்தார்க்கும் உரைக்க. மெய்கண்ட சந்தானத்தார் காட்டிய இந்நெறி பிழையாது நின்றால், வாதத்தில் வெற்றி வரினும் வாராதொழியினும் சைவத்திற்குத் தாழ்வில்லை.

திருச்சிற்றம்பலம்.