கட்டைவிரலால் மறைத்த புள்ளி

விடியற்காலை. மேசையில் கிராஃப் தாள், சீவிய பென்சில். எக்ஸ் அச்சில் 10, அங்கிருந்து மேலே 8.04. முதல் புள்ளியை வைக்கிறேன்.

பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் என்ற புள்ளியியலாளர் 1973-ல் வெளியிட்ட எண்கள் இவை. நான்கு தொகுதிகள், ஒவ்வொன்றிலும் பதினொரு புள்ளிகள். நான்கிலும் எக்ஸின் சராசரி 9, ஒய்யின் சராசரி 7.5. ஒட்டுறவுக் கெழுவும் நான்கிலும் சுமார் 0.82. கணக்கை மட்டும் போட்டு வைத்தால் நான்கும் ஒன்றுதான்.

முதல் தொகுதி மெல்ல மேலேறுகிறது. ஆனால் 12-க்கு நேரே 10.84 இருக்க, அடுத்த 13-க்கு நேரே 7.58தான். பிள்ளைகள் தடுமாறுவது இங்கேதான். புள்ளிக்குப் புள்ளி கோடு இழுத்துவிட்டு, "இது ஏறி ஏறி இறங்குதே, இதுல என்ன ஒட்டுறவு?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. கோட்டை அழித்துவிட்டு, தாளைக் கை நீட்டும் தூரத்தில் பிடித்துப் பார்க்கச் சொல்வேன். பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் முரண்டு பிடிக்கட்டும். கூட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது? இடமிருந்து வலமாக ஏறினால் நேரிடை, இறங்கினால் எதிரிடை. கண்ணுக்கு அது பிடிபட்ட பிறகு சூத்திரம் சொல்லித் தருவதே சரி என்று நினைக்கிறேன்.

இரண்டாம் தொகுதி வளைகோடு. எறிந்த பந்து போல ஏறி, கடைசியில் தணிகிறது. நேர்கோட்டு உறவை அளக்கும் கெழுவுக்கு அந்த வளைவு தெரியாது.

மூன்றாவதில் பத்துப் புள்ளிகள், இழுத்துக் கட்டிய நூல் போல. ஒன்று மட்டும் 13-க்கு நேரே 12.74-ல் விலகி நிற்கிறது. அது இல்லையென்றால் கெழு ஏறக்குறைய 1.

நான்காவதில்தான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். பத்துப் புள்ளிகளும் எக்ஸ் 8-ன் மேல் தூணாக நிற்கின்றன. வலது ஓரத்தில், 19-க்கு நேரே, தன்னந்தனியாக ஒன்று. அதைக் கட்டைவிரலால் மறைத்தேன். மிச்சம் இருப்பது வெறும் தூண். எக்ஸ் மாறவே இல்லை. எக்ஸோடு ஒய்யும் மாறுகிறதா என்று கேட்கவே வழியில்லை. சூத்திரத்தில் போட்டால் பகுதியில் பூஜ்யம் வந்து நிற்கும். விரலை எடுத்தால் மறுபடி 0.82. அத்தனை ஒட்டுறவும் அந்த ஒற்றைப் புள்ளி கொடுத்தது. அது அளந்தவர் கைப்பிழையா, உண்மையிலேயே அப்படி ஒன்று உண்டா என்று கேட்காமல் அந்த எண்ணை எப்படி நம்புவது?

மாணவர்களே, இதை நீங்களே ஒருமுறை வரைந்து பாருங்கள். எக்ஸ் 8-க்கு நேரே 6.58, 5.76, 7.71, 8.84, 8.47, 7.04, 5.25, 5.56, 7.91, 6.89. பதினொன்றாவது புள்ளி 19-க்கு நேரே, 12.50. அதைக் கடைசியில் வையுங்கள்.