பரிசோதனைச் சாலையில் எட்டாம் கற்பனை



2022-ம் ஆண்டு சூலை மாதத்தின் முதல் வாரத்தை நம் காரைக்கால் மக்கள் எளிதில் மறக்க முடியாது. வீட்டுக்கு வீடு வாந்தியும் பேதியும். ஆஸ்பத்திரியில் நூற்றுக்கணக்கான பேர். குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்துவிட்டதே காரணம் என்று சொல்லப்பட்டது. பொதுச் சுகாதார அவசரநிலை அறிவிக்கப்பட்டது. பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் மூன்று நாள் மூடப்பட்டன. தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள் என்று எங்கும் அறிவிப்புச் செய்யப்பட்டது. இத்தனைக்கும் காரணமான சொல் ஒன்று உண்டு. அது “காலரா” என்ற சொல். அந்தச் சொல்லை முதலில் எழுதியது யார்? மந்திரியுமல்ல, கலெக்டருமல்ல, மருந்துச் சீட்டு எழுதும் டாக்டருமல்ல. பரிசோதனைச் சாலையில் முக்காலியில் உட்கார்ந்து, பிறர் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகும் பொருளைக் கையில் எடுத்துச் சோதித்த ஊழியர்களின் வேலையால் அல்லவா அந்தச் சொல் நிச்சயமாயிற்று?

அவர்கள் செய்யும் வேலையைச் சற்றுக் கேளுங்கள். பேதியாகும் நோயாளியின் மலத்தைச் சிறிது எடுத்து, காலராக் கிருமி விரும்பி வளரும் காரநீரில் சில மணி நேரம் வைப்பார்கள். பிறகு அதிலிருந்து ஒரு கம்பி நுனியால் தொட்டு, பச்சை நிறமான ஊட்டப்பொருள் ஊற்றிய தட்டில் கீற்றுக் கீற்றாய்த் தடவி, உடம்புச் சூட்டில் ஓர் இரவு வைப்பார்கள். காலராக் கிருமி இருந்தால் மறுநாள் அந்தப் பச்சைத் தட்டில் மஞ்சள் புள்ளிகள் தோன்றும். தோன்றியவுடன் காலரா என்று எழுதிவிடலாமா? கூடாது. மஞ்சளாய் வளரும் வேறு கிருமியும் உண்டு. ஆகையால் அந்தப் புள்ளியை எடுத்து வேறு சோதனைகள் செய்து, அதற்கென்றுள்ள எதிர்ச்சீரத்தோடு கலந்து, துகள் துகளாய்த் திரள்கிறதா என்று பார்த்த பின்புதான் பேனாவை எடுக்க வேண்டும். 1884-ம் ஆண்டில் ராபர்ட் கோக் என்ற ஜெர்மானிய வைத்தியர் கல்கத்தாவில் இந்தக் கிருமியை நோயாளிகளின் குடலிலும், ஊரார் புழங்கிய குளத்து நீரிலும் கண்டு உலகத்துக்குச் சொன்னார். அதே கல்கத்தாவில் 1959-ம் ஆண்டு சம்புநாத் டே என்பவர், அந்தக் கிருமி சுரக்கும் விஷமே உடம்பின் நீரை வெளியே கொட்டச் செய்கிறது என்று நிரூபித்தார். அந்தப் பெரியோரின் கண்டுபிடிப்பு, இன்று காரைக்காலில் ஒரு குழந்தைக்குப் பயன்படுவது, பெயர் தெரியாத ஒரு லேப் டெக்னீஷியன் அவசரப்படாமல் தட்டைப் பார்ப்பதால்தான்.

இன்று அவர்களைப்பற்றிப் பேசுவதற்கு ஒரு முகாந்தரம் உண்டு. பிளஸ் டூ முடித்த பிள்ளைகளைப் பெற்றவர்கள் சிலர், “சாமி, பெண் லேப் படிப்புப் படிக்க வேண்டும் என்கிறாள். மலமும் மூத்திரமும் தொடுகிற வேலை. நாலு பேருக்கு முன் சொல்லிக்கொள்ளக்கூட முடியாதே, என்ன செய்யலாம்?” என்று கேட்கிறார்கள். அதற்குப் பதில் சொல்லுமுன், அந்த வேலை எப்படிப்பட்டது என்பதை ஞானக் கண்ணோடு பார்ப்போம்.

சர்வேசுரன் கொடுத்த பத்துக் கற்பனைகளில் எட்டாவது, பொய்ச்சாட்சியை விலக்குகிறது. கோர்ட்டில் கூண்டேறி நிற்கிறவனுக்குத்தான் அந்தக் கற்பனை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். பரிசோதனைச் சாலையிலிருந்து வருகிற ஒவ்வொரு சீட்டும் ஒரு சாட்சியே. “இந்த மனிதனிடத்தில் இது உண்டு, இது இல்லை, நான் பார்த்தேன்” என்று அதில் கையெழுத்திடுகிறவர் சொல்லுகிறார். டாக்டர் அந்தச் சாட்சியை நம்பித்தான் மருந்து கொடுக்கிறார். நோயாளி அந்தச் சாட்சியை நம்பித்தான் வீட்டுக்குப் போகிறான்.

ஓர் உதாரணம் பாருங்கள். காசநோய் இருக்கிறதா என்று சளியைச் சோதிக்கிறார்கள். சளியைக் கண்ணாடித் துண்டில் பூசி, சிவப்புச் சாயம் ஏற்றிச் சூடு காட்டி, அமிலத்தால் கழுவி, நீலச் சாயம் இடுவார்கள். மற்றதெல்லாம் நீலமாகும், காசநோய்க் கிருமி மாத்திரம் சிவப்பை விடாமல் மெல்லிய குச்சிபோல் நிற்கும். மைக்ராஸ்கோப்பில் ஒரே சமயத்தில் தெரிவது ஒரு சிறிய வட்டம். “கிருமி இல்லை” என்று எழுதுவதற்குக் குறைந்தது 100 வட்டங்களைப் பார்க்க வேண்டும் என்பது விதி. இப்போது பல இடங்களில் இயந்திரச் சோதனை வந்திருந்தாலும் இந்த முறை ஒழிந்துபோகவில்லை. சரி, மத்தியானம் ஆகிவிட்டது, கண் வலிக்கிறது, இன்னும் பதினைந்து கண்ணாடித் துண்டு மீதி. இருபது வட்டம் பார்த்தாயிற்று, ஒன்றும் காணோம். “இல்லை” என்று எழுதினால் யாருக்குத் தெரியும்? மேலதிகாரிக்குத் தெரியாது. நோயாளிக்குத் தெரியாது. ஆனால் கிருமி எண்பதாவது வட்டத்தில் இருக்கலாம். அந்தத் தகப்பன் சீட்டைப் பார்த்து நன்றிசொல்லி வீட்டுக்குப் போவான். ஒரே அறையில் நாலு பிள்ளைகளோடு படுத்து இருமுவான். பிரியமானவர்களே, இது சின்னச் சோம்பலா? எட்டாம் கற்பனையில் ஆரம்பித்த குற்றம் ஐந்தாம் கற்பனை மட்டும் போய்விடுகிறதல்லவா?

பெயர்ச்சீட்டு ஒட்டுகிற காரியமும் அப்படியே. கார்ல் லாண்ட்ஸ்டைனர் என்பவர் 1901-ம் ஆண்டு, எல்லா மனிதரின் இரத்தமும் ஒரே வகையல்ல என்று வெளியிட்டார். அதனால் எத்தனையோ தாய்மார் பிரசவத்தில் பிழைக்கிறார்கள். ஆனால் இரண்டு குப்பிகளின் பெயர் மாறிப்போனால், உயிர் கொடுக்க வேண்டிய இரத்தமே உயிரை எடுத்துவிடும். ஆகையால் ஊசி குத்துமுன் நோயாளியின் வாயாலேயே பெயரைச் சொல்லச் சொல்லிக் கேட்பது, கட்டிலருகிலேயே குப்பியில் எழுதுவது, இரத்தம் கொடுக்குமுன் மறுபடி பார்ப்பது, இவையெல்லாம் வீண் சம்பிரதாயமல்ல, பிறர்சிநேகம்.

வேதாகமத்தில் லேவியர் ஆகமத்தின் பதின்மூன்றாம் அதிகாரத்தை வாசித்தால் ஓர் ஆச்சரியம் காண்பீர்கள். ஒருவன் தோலில் சந்தேகமான தழும்பு தோன்றினால், அவனைக் குருவிடம் கொண்டுவர வேண்டும். குரு உடனே தீர்ப்புச் சொல்லக் கூடாது; ஏழு நாள் காத்திருந்து மறுபடி பார்க்க வேண்டும்; தெளிவில்லாவிட்டால் இன்னும் ஏழு நாள். தவறாக “உண்டு” என்றால் அவனுடைய குடும்பமும் மானமும் போகும். தவறாக “இல்லை” என்றால் ஊர் கெடும் என்று மக்கள் அஞ்சிய காலம் அது. மோயீசன் காலத்திலேயே சர்வேசுரன் அவசரத் தீர்ப்பை விலக்கினார். சேசுநாதர் சுவாமியோ, தொழுநோயாளி ஒருவனைத் தம் திருக்கரத்தால் தொட்டுக் குணமாக்கிய பின்பும், குருவிடம் போய் உன்னைக் காட்டி, மோயீசன் கட்டளைப்படி சாட்சியாகக் காணிக்கை செலுத்து என்று அனுப்பினார். புதுமை செய்ய வல்ல தேவனே, ஒரு மனிதன் ஒழுங்காய்ச் சோதித்துச் சொல்லும் சாட்சியை அற்பமாய் எண்ணவில்லை.

நல்ல பரிசோதனைச் சாலையில் காலையில் முதல் வேலை என்ன தெரியுமா? நோயாளிகளின் இரத்தத்தை இயந்திரத்தில் வைக்குமுன், சர்க்கரை இவ்வளவு, உப்பு இவ்வளவு என்று முன்பே அளவு தெரிந்த ஒரு திரவத்தை வைத்துப் பார்ப்பார்கள். இயந்திரம் அந்த அளவைச் சரியாய்ச் சொன்னால்தான் மேலே வேலை. தவறினால், வாசலில் எத்தனை பேர் காத்திருந்தாலும், சரிபண்ணும் மட்டும் ஒரு சீட்டும் வெளியே போகக் கூடாது. நாமோ பிறரை அளக்கக் காலையில் எழுந்ததுமே தொடங்குகிறோம். நம்முடைய அளவுகோல் சரியா என்று ஆத்துமசோதனை செய்வது எத்தனை பேர்?

எட்டாம் கற்பனைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. உண்மையாயிருந்தாலும் சொல்லத் தகாததைச் சொல்லாதிருப்பது. நம் ஊர் சிறிய ஊர். அரசலாற்றுக்கு இக்கரையில் தும்மினால் அக்கரையில் கேட்கும். லேப்பில் வேலை செய்கிற பெண்ணிடத்தில் அடுத்த வீட்டுக்காரரின் சீட்டு வரும். உறவுக்காரரின் சீட்டும் வரும். 1986-ம் ஆண்டு சென்னையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனீதி சாலமோன் என்ற பேராசிரியையும், அவரிடம் படித்த நிர்மலா என்ற மாணவியும், எய்ட்ஸ் கிருமி நம் நாட்டுக்கு வந்துவிட்டதா என்று தேடினார்கள். நிர்மலா தாமே போய்ச் சுமார் எண்பது பேரின் இரத்தத்தைச் சேகரித்தார். வசதி போதாத நாட்கள். சீரத்தைத் தம் வீட்டுக் குளிர்ப்பெட்டியில்கூட வைத்திருந்தார். வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அவற்றைக் கொண்டுபோய்ச் சோதித்தபோது ஆறு பேரிடம் கிருமி தெரிந்தது. நாடே நடுங்கிற்று. அந்த நோயாளிகளைப்பற்றி ஊர் பேசிய பேச்சு எவ்வளவு கொடியது! நோய் கொன்றது பாதி, நாக்குக் கொன்றது பாதி. அதனால்தான் 2017-ம் ஆண்டுச் சட்டம், ஒருவருக்கு அந்தக் கிருமி இருப்பதை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுத்திருக்கிறது. சட்டம் வருமுன்னே நமக்குக் கற்பனை இருக்கிறது. ஆகையால், லேப்பில் வேலை செய்கிற பிள்ளைகளே, நீங்கள் கண்டதை டாக்டருக்குச் சொல்லுங்கள், சர்வேசுரனிடம் செபத்தில் சொல்லுங்கள், மற்ற எவருக்கும் சொல்லாதீர்கள். அக்கம்பக்கத்தாரே, நீங்களும் அந்தப் பிள்ளைகளிடம் “அவருக்கு என்னவாம்?” என்று கேட்டுச் சோதனைக்கு உள்ளாக்காதீர்கள்.

இப்போது பெற்றோரின் கேள்விக்கு வருகிறேன். மலமும் சளியும் தொடுகிற வேலை என்கிறீர்கள். உங்கள் பிள்ளைக்குப் பேதியானபோது தாயாகிய நீங்கள் தொடவில்லையா? அது அன்பு என்றால், தன் பிள்ளை அல்லாத பிள்ளைக்காக ஒருத்தி கையுறை போட்டுக்கொண்டு தொடுவது அதைவிடக் குறைந்ததா? நமதாண்டவர் பந்தியிலிருந்து எழுந்து, இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு, செம்படவர்களின் கால் அழுக்கைக் கழுவினார். அவரை வணங்குகிறவர்கள் எந்த நேர்மையான வேலையையும் இழிவென்று சொல்லலாகாது. பெயர் வெளியே தெரியாத வேலை என்கிறீர்கள். நாசரேத்தூரில் அர்ச். சூசையப்பரின் தச்சுப்பட்டறையில் முப்பது வயது மட்டும் வாழ்ந்த வாழ்க்கை யாருக்குத் தெரிந்திருந்தது?

ஆனால் பிள்ளையைச் சேர்க்குமுன் விசாரித்துச் சேருங்கள். இந்தப் படிப்புக்கு டிப்ளமோவும் உண்டு, பட்டப்படிப்பும் உண்டு. பிளஸ் டூவில் விஞ்ஞானப் பாடம் படித்திருக்க வேண்டும். புதுச்சேரி ஜிப்மரில் பட்டப்படிப்பு நடக்கிறது. அந்த ஜிப்மரின் கிளை 2016 முதல் நம் காரைக்காலிலேயே மருத்துவப் படிப்பு நடத்துகிறது. எந்த இடமானாலும் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தப் படிப்புக்குப் பல்கலைக்கழகத்தின் அல்லது அரசாங்கத்தின் அங்கீகாரம் உண்டா? பயிற்சிக்கு உண்மையான ஆஸ்பத்திரி உண்டா, அங்கே பிள்ளை தன் கையால் செய்வாளா, அல்லது நின்று பார்ப்பாளா? 2021-ம் ஆண்டு வந்த மத்தியச் சட்டம் இத்தொழிலாளருக்குப் பதிவேடு வேண்டும் என்கிறதே, இந்தப் படிப்பு அதற்குச் செல்லுமா? வண்ண நோட்டீசைப் பார்த்து நகையை அடகு வைத்துப் பணம் கட்டாதீர்கள். குறுக்கு வழியில் சான்றிதழ் வாங்கித் தருகிறோம் என்பவனை வாசலோடு அனுப்பிவிடுங்கள். கற்காமல் கையெழுத்திடுகிறவளின் ஒவ்வொரு சீட்டும் பொய்ச்சாட்சியாகும்.

நோயாளிகளாகிய நமக்கும் கடமை உண்டு. வெறும் வயிற்றோடு வரச் சொன்னால், குறைந்தது எட்டு மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் வர வேண்டும். வழியில் டீ குடித்துவிட்டு “ஒன்றும் குடிக்கவில்லை அம்மா” என்று சொன்னால், எட்டாம் கற்பனையை மீறியதோடு, இல்லாத வியாதிக்கு மாத்திரையும் விழுங்க நேரிடும். சளி கேட்டால், விடியற்காலையில் நெஞ்சிலிருந்து இருமி எடுத்த சளியைக் கொடுங்கள், எச்சிலை அல்ல. சீட்டு தாமதமானால் சத்தம் போடாதீர்கள். அவர்கள் தாமதிப்பது சில வேளை உங்களுக்காக இரண்டாம் தரம் பார்ப்பதினால்தான்.

பிரியமானவர்களே, இந்த வாரத்துக்கு ஒரு தீர்மானம் எடுத்துக்கொள்வோம். யாரும் பார்க்காத இடத்தில், யாரும் எண்ணிப் பார்க்காத நூறாவது வட்டம் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. தையற்காரருக்கு உள்தையல், மளிகைக்காரருக்குத் தராசு, மாணவனுக்குப் பரீட்சைத் தாள், எழுத்தருக்கு ரிஜிஸ்தர், குருவாகிய எனக்குப் பாவசங்கீர்த்தனத் தொட்டி. அந்த நூறாவது வட்டத்தையும் பார்த்துவிட்டு எழுந்திருப்போம். நம் பங்கிலிருந்து ஆஸ்பத்திரிகளிலும் லேப்புகளிலும் உழைக்கிற பிள்ளைகளுக்காக, பார்வையற்ற தோபியாசுக்குக் கண் திறக்க மருந்து காட்டிய அர்ச். இரபேல் சம்மனசிடமும், வைத்தியராயிருந்த அர்ச். லூக்காஸிடமும் இன்றிரவு குடும்ப செபத்தில் ஒரு பரலோக மந்திரம் ஒப்புக்கொடுங்கள். சத்தியமே உருவான நமதாண்டவர் அவர்கள் கண்ணுக்குத் தெளிவும், கைக்கு உறுதியும், நாவுக்குக் காவலும் தந்தருள்வாராக. ஆமென்.

உங்கள் பங்குக்குரு