கண்ட கண்ணின் கடன்

1980ஆம் ஆண்டுகளில் மகனை ஐரோப்பாவுக்குப் படிக்க அனுப்பிய ஒரு தந்தையைக் கற்பனை செய்துகொள்ளலாம். கெடா மாநிலத்தில், சுங்கைப்பட்டாணிக்கு அருகிலுள்ள ஒரு தோட்டத்தில் கிராணியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர் அவர். சேமநிதியிற் பெரும்பகுதி மகனின் பயணத்துக்கும் முதலாண்டுக் கட்டணத்துக்கும் சென்றது. மிச்சத்துக்கு மகளின் நகைகள் அடகுக் கடைக்குச் சென்றன. மகன் நெதர்லாந்து நாட்டில், லைடன் பல்கலைக்கழகத்தில் பயில்கிறான். விடுமுறை தோறும் வீட்டுக்கு வண்ண அஞ்சலட்டைகள் வருகின்றன. ஒரு முறை பாரிஸ் நகரத்து ஐஃபல் கோபுரம். மறுமுறை பைசாவின் சாய்ந்த கோபுரம். பிறகு வெனிஸ் நகரின் கால்வாய்கள். பனி மூடிய ஆல்ப்ஸ் மலை. தாய் அவற்றைக் கண்ணாடி அலமாரியில் வரிசையாக வைத்து, வருவோர்க்கெல்லாம் காட்டி மகிழ்கிறாள். தந்தையோ மகனுக்கு எழுதிய கடிதத்தின் இறுதியில் ஒரே ஒரு வினாவைச் சேர்க்கிறார்: "படிக்கப் போனாயா, ஊர் பார்க்கப் போனாயா?"

வினா எளியது; விடை எளியதன்று. பிறர் உழைப்பில் கற்கும் ஒருவனுக்குத் தன் மகிழ்ச்சிக்காகச் செலவிடும் உரிமை உண்டா? உண்டெனில், எந்த அளவுக்கு? காண்பதும் கல்வியே என்று வாதிடுவோமாயின், எதைக் கண்டவன் கற்றவனாகிறான்?

"பயணமும் கல்வியின் ஒரு பகுதியே, அப்பா" என்று மகன் எழுதக்கூடும். அவனுக்குத் துணையாகப் பெரிய பெயர்களும் உள்ளன. ஆங்கில அறிஞர் பிரான்சிஸ் பேக்கன், 1625இல் வெளிவந்த கட்டுரைத் தொகுப்பில், இளையோர்க்குப் பயணம் கல்வியின் ஒரு பகுதி என்றே கூறியுள்ளார். ஆனால் பேக்கன் அதனோடு சில நிபந்தனைகளையும் விதித்தார். செல்லும் நாட்டின் மொழியைச் சிறிதேனும் அறிந்திருக்க வேண்டும். நாட்குறிப்பு எழுத வேண்டும். தன் நாட்டவரின் கூட்டத்தை விலக்கி, அந்நாட்டு மக்களோடு பழக வேண்டும். நான்கு மலேசிய நண்பர்கள் ஒரே தொடர்வண்டிப் பெட்டியில் அமர்ந்து, ஊரிலிருந்து வந்த ஊறுகாயை ரொட்டியில் தடவி உண்டுகொண்டு, இரவெல்லாம் ஊர்க்கதை பேசி, காலையில் ரோம் நகரில் இறங்கிப் படம் எடுத்துக்கொண்டு, மாலையில் அடுத்த வண்டி ஏறுவதைப் பேக்கன் எந்தக் கணக்கில் சேர்த்திருப்பார் என்று சொல்வதற்கில்லை.

ஐரோப்பியச் செல்வக் குடும்பங்களுக்கும் இவ்வினா புதிதன்று. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துப் பிரபுக்கள் தம் மைந்தரை ஆசிரியர் ஒருவர் துணையோடு பிரான்சுக்கும் இத்தாலிக்கும் ஈராண்டு மூவாண்டுச் சுற்றுப்பயணம் அனுப்பினர். இவ்வழக்கத்தை மிகக் கடுமையாகச் சாடியவர்களுள் ஒருவர் பொருளியலறிஞர் ஆடம் ஸ்மித். பதினேழு பதினெட்டு வயதில் வெளிநாடு செல்லும் இளைஞன், இருபத்தொரு வயதில் முன்னிலும் செருக்குடையவனாகவும் ஒழுக்கம் தளர்ந்தவனாகவும் ஊர் திரும்புகிறான் என்பது 1776இல் வெளிவந்த 'நாடுகளின் செல்வம்' நூலில் அவர் தெரிவிக்கும் கருத்து. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1764இல் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் பதவியைத் துறந்து, பக்ளூ கோமகனுக்குத் துணையாசிரியராகப் பிரான்சுக்குச் சென்றவர் இதே ஸ்மித்தான். அதற்கு ஈடாக வாழ்நாள் முழுதும் ஆண்டுக்கு 300 பவுன் ஓய்வூதியம் பெற்றார். துலூஸ் நகரில் பொழுது போகாமல் ஒரு நூலை எழுதத் தொடங்கியதாக நண்பர் டேவிட் ஹியூமுக்குக் கடிதம் எழுதினார். பாரிஸில் கெனே முதலிய பொருளியல் சிந்தனையாளரோடு பழகினார். சுற்றுப்பயணத்தைப் பழித்த நூலுக்கே அச்சுற்றுப்பயணம் உரமிட்டது. ஆயின் பயன் பெற்றவர் நாற்பது வயதை அடைந்த ஆசிரியர் என்பதும், ஸ்மித்தின் ஏச்சு பதினெட்டு வயது மாணவனைப் பற்றியது என்பதும் கருதத்தக்கன. முன்னரே ஒரு வினாவோடு செல்பவனுக்கே ஊர் விடை சொல்கிறது.

இன்னும் ஒரு படி மேலே சென்று, காண வேண்டிய தேவையே இல்லை என்று வாதிடவும் இடமுண்டு. ஜெர்மானியத் தத்துவஞானி இம்மானுவேல் காந்து, பிறந்த ஊராகிய கோனிக்ஸ்பெர்க்கை விட்டுத் தொலைதூரம் சென்றவரல்லர். எனினும் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் புவியியல் பற்றி விரிவுரை ஆற்றினார். லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தின் அமைப்பை அவர் விளக்கியதைக் கேட்ட ஆங்கிலேயர் ஒருவர், அவர் லண்டனில் எத்தனை ஆண்டு வாழ்ந்தார், கட்டடக் கலைஞரா என்று கேட்டதாக அவர் வரலாற்றை எழுதியோர் குறிப்பர். தந்தை இச்செய்தியை அறிந்திருந்தால் மகனுக்கு உடனே எழுதியிருப்பார். ஆனால் கோனிக்ஸ்பெர்க் ஒரு துறைமுக நகரம். அங்கே உலகத்துக் கப்பல்கள் வந்தன. காந்தின் நெருங்கிய நண்பர்களுள் ஒருவர் ஓர் ஆங்கிலேய வணிகர். காந்து உலகைத் தேடிச் செல்லவில்லை; உலகம் அவர் உணவு மேசைக்கு வந்தது. தோட்டத்துக் கிராணியின் வீட்டுக்கு அது வருவதில்லை. ஏழையின் மகனுக்கு உலகைக் காணும் வாய்ப்பு வாழ்வில் ஒருமுறையே கிடைக்கும் என்பதை மறந்துவிட்டு அவனைக் குறை கூறுதல் நியாயமாகாது.

இந்த வழக்கில் மிகவும் நேர்மையான சாட்சி, 1888 முதல் 1891 வரை லண்டனில் சட்டம் பயின்ற ஒரு குஜராத்தி இளைஞர். காந்தியடிகள் அக்காலத்தில் தமையனார் அனுப்பிய பணத்தில் வாழ்ந்தார். ஒவ்வொரு காசுக்கும் கணக்கு எழுதினார்; வாடகை குறைந்த அறைக்கு மாறினார்; வண்டிச் செலவைத் தவிர்த்து நடந்தார். இத்தகையவரும் பாரிஸ் கண்காட்சியைக் காணச் சென்றார். சைவ உணவு விடுதி ஒன்றில் அறை எடுத்து ஏழு நாள் தங்கி, வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு பெரும்பாலும் கால்நடையாகவே நகரைச் சுற்றினார். ஐஃபல் கோபுரத்தில் இரண்டு மூன்று முறை ஏறினார். மிக உயரத்தில் அமர்ந்து உண்டேன் என்று சொல்லிக்கொள்ளும் ஆசையில், அங்கிருந்த உணவகத்தில் ஏழு ஷில்லிங்கை வீணாக்கியதைத் தம் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். நாட்டின் தலைவராகி, உலகமே உற்றுநோக்கும் நிலையை அடைந்த பின்னரும், முப்பதாண்டுகளுக்கு மேற்பட்ட பழைய ஏழு ஷில்லிங் அவர் நினைவிலிருந்து அகலவில்லை.

அந்த உண்டி குற்றமா? இருபது வயது இளைஞன் ஒரு வேளை உயரத்தில் அமர்ந்து உண்ண விரும்பியதைக் குற்றம் என்போர் இளமையை மறந்தவராவர். தாயைக் கேட்டிருந்தால் அவளே போய் வா என்றிருப்பாள். மகனின் அஞ்சலட்டைகளும் அப்படிப்பட்டவையே. "கல்விக்காகத்தான் சென்றேன்" என்று அவன் எழுதும்போதுதான் நெறி பிறழ்கிறது. மகிழ்ச்சிக்காகச் சென்றதை மகிழ்ச்சி என்று சொல்லத் துணிவில்லாமல், அதற்குக் கல்வி என்ற போர்வையைப் போர்த்துகிறான். காந்தியடிகள் ஏழு ஷில்லிங்குக்கு அத்தகைய போர்வை எதையும் போர்த்தவில்லை. அதே வாரத்தில் அவர் கண்ட நோத்ர தாம் பேராலயம் அவர் உள்ளத்தில் வேறு விதமாகப் பதிந்தது. அன்னை மரியின் உருவத்தின்முன் மண்டியிட்டோர் வெறும் சலவைக்கல்லை வணங்கவில்லை என்று அவர் உணர்ந்தார். ஒரே பயணம், கோபுரத்தில் பணம் கரைந்தது, கோயிலில் பார்வை விரிந்தது. எது எதுவாகும் என்பதைப் புறப்படும்போது எவரும் அறிய இயலாது. ஆகவே பயன் தரும் காட்சிக்கு மட்டுமே செல் என்று மாணவனுக்கு விதி செய்வது நடவாத காரியம்.

நகைகளை இழந்த மகளை இங்கு மறக்கலாகாது. அண்ணன் கண்ட ஆல்ப்ஸ் மலையை அவள் அலமாரிக் கண்ணாடி வழியே காண்கிறாள். பள்ளியில் அவனைவிட அதிக மதிப்பெண் பெற்றவளாகவும் அவள் இருக்கலாம். பணக் கடனை ஊதியம் வந்ததும் அவன் தீர்த்துவிடுவான். ஒருவன் காண்பதற்காக மற்றொருத்தி காணாமல் இருந்த கடனை எந்த நாணயத்தில் தீர்ப்பது?

ஜெர்மனியின் வைமர் நகரம் இவ்வினாவுக்கு அச்சந்தரும் வெளிச்சம் ஒன்றைத் தருகிறது. இலக்கியம் பயிலும் மாணவர் அங்கே கதேயின் இல்லத்தையும் ஷில்லரின் இல்லத்தையும் காணச் செல்வர். நகரிலிருந்து ஏறத்தாழ 8 கிலோமீட்டர் தொலைவில், எட்டர்ஸ்பெர்க் குன்றின்மேல், 1937 முதல் 1945 வரை புக்கன்வால்ட் வதைமுகாம் இருந்தது. அங்கே ஏறத்தாழ 56,000 பேர் மாண்டனர். முகாம் அமைக்கக் காட்டை வெட்டியபோது, கதேயோடு தொடர்புடையதாகக் கருதப்பட்ட ஓர் ஓக் மரத்தை மட்டும் வெட்டாமல் விட்டனர். கவிஞரின் நினைவைப் போற்றியவர்களுக்கு, அம்மரத்தருகே வாடிய மனிதரைப் போற்றத் தெரியவில்லை. முகாம் விடுவிக்கப்பட்ட சில நாட்களில், 1945 ஏப்ரல் 16ஆம் நாள், அமெரிக்கப் படையின் ஆணைப்படி வைமர் நகரத்தார் ஏறத்தாழ ஆயிரம் பேர் குன்றின்மேல் நடத்திச் செல்லப்பட்டுப் பிணக்குவியலைக் கண்டனர். ஒன்றும் அறியோம் என்றே அவர்களிற் பலர் கூறினர். இத்தாலியின் சிற்பங்களையும் பாரிஸின் ஓவியங்களையும் கண்டுவந்தோர் அவர்களுள் இருந்திருக்கக் கூடும். எட்டாண்டுகள் எட்டுக் கிலோமீட்டரைக் கடக்காத கண்களுக்கு அவற்றால் என்ன விளைந்தது?

தொலைவிலுள்ளதைக் காண்பது எளிது. அங்கே பார்வையாளனுக்குப் பொறுப்பு இல்லை. அருகிலுள்ளதைக் கண்டுவிட்டால் ஏதேனும் செய்தாக வேண்டும். அதனாலேயே அருகிலுள்ளது கண்ணிற்படுவதில்லை போலும்.

இதன் மறுபக்கம் ஊர் திரும்பிய மாணவனிடம் வெளிப்படும். விமான நிலையத்தில் இறங்கியதுமே "அங்கெல்லாம் இப்படி இல்லை" என்று தொடங்குவோரைக் காணாத குடும்பமில்லை. பிலிப்பைன்ஸ் நாட்டு ஹோசே ரிசால் 1882இல் ஸ்பெயினுக்குப் படிக்கச் சென்றவர். 1887இல் பெர்லினில் வெளியிட்ட 'நோலி மி டாங்கரே' நாவலில், ஏழாண்டுகள் ஐரோப்பாவில் வாழ்ந்து திரும்பும் இபர்ரா, மணிலாவின் தாவரத் தோட்டத்தை வண்டியில் கடந்து செல்கிறான். அப்போது ஐரோப்பியத் தோட்டங்கள் அவன் கண்முன் வந்து நிற்கின்றன. அவ்வொப்பீட்டை ஒரு பேயின் வேலையாகவே ரிசால் காட்டுகிறார். அப்பேய் சிலரைச் செருக்கில் தள்ளுகிறது. ரிசாலை அது எழுத வைத்தது. எழுதியதற்காக 1896 டிசம்பர் 30ஆம் நாள் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

லைடன் மாணவனிடம் திரும்பலாம். அவன் நாள்தோறும் மிதிவண்டியில் கடந்து சென்ற பல்கலைக்கழக நூலகத்தின் காப்பில், அக்காலத்தில் 21 செப்பேடுகள் ஒரு வளையத்தில் கோக்கப்பட்டு இருந்தன. டச்சுக்காரர் நாகப்பட்டினத்தை ஆண்ட நாளில் கடல் கடந்து சென்ற ஆனைமங்கலச் செப்பேடுகள் அவை. 5 ஏடுகள் வடமொழி, 16 ஏடுகள் தமிழ். கடாரத்து அரசன் நாகப்பட்டினத்தில் எழுப்பிய பௌத்த விகாரத்துக்கு, முதலாம் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்னும் ஊரின் வருவாயை அளித்த செய்தியை அவை கூறுகின்றன. சைவ மன்னன் பௌத்தப் பள்ளிக்கு அளித்த கொடை. அதைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்து தன் முத்திரையிட்டவன் மகன் இராசேந்திரன். அதே இராசேந்திரன் 1025ஆம் ஆண்டளவில் அதே கடாரத்தின்மேல் கப்பற்படை அனுப்பினான். நட்பும் பகையும் ஒரே முத்திரைக்குள் அடங்கிய வரலாறு. கடாரம் என்பது கெடா; அம்மாணவன் பிறந்த மண். மூன்றாண்டுகளில் பதினொரு நாடுகளைக் கண்ட அவன், அறையிலிருந்து பத்து நிமிடத் தொலைவிலிருந்த இதனைக் காணவில்லை. தந்தையின் கடிதம் அவனைச் சுட்ட பின்னர், பேராசிரியர் ஒருவர் பேச்சுவாக்கில் சொல்லக் கேட்டு, அனுமதி வேண்டிச் சென்று கண்டான் என்று கொள்ளலாம். அன்று அவன் அனுப்பியது வண்ண அட்டையன்று, நான்கு பக்கக் கடிதம். அதில் ஐஃபல் கோபுரத்தில் உண்டதற்கான செலவையும் மறைக்காமல் எழுதியிருந்தான்.

ஒரு மாதம் கழித்துத் தந்தையின் மறுமொழி வந்தது. சுங்கைப்பட்டாணியில் ஐம்பதாண்டுகள் வாழ்ந்தும், சில மைல்களுக்கு அப்பாலுள்ள பூஜாங் பள்ளத்தாக்கைத் தாம் கண்டதில்லை என்று எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை மெர்போக்குக்குச் சென்று, புக்கிட் பத்து பகாட் கோயிலின் கல் அடித்தளத்தையும் அருகில் ஓடும் ஓடையையும் பார்த்து வந்ததாக எழுதியிருந்தார். செப்பேட்டின் தமிழ்ப் பகுதியைப் படியெடுத்து அனுப்ப இயலுமா என்று தங்கை கேட்பதாகவும் குறித்திருந்தார். படிக்கப் போனாயா என்ற வினா அதில் இல்லை. கடிதத்தின் அடியில் வழக்கம்போல் அவர் கையெழுத்தில் செலவுக் கணக்கு மட்டும் இருந்தது: பேருந்துக் கட்டணம், இருவருக்கு, தேநீர், இருவருக்கு.