ஸோம்பிக்குப் பாவம் பார்க்கலாமா?

கார்ட்டூன் படங்களில் செத்தும் நடமாடுகிறவர்கள் பெரும்பாலும் நல்லவர்கள். 'கார்ப்ஸ் பிரைட்' (2005) எமிலி, நம்பி வந்தவனாலேயே கொல்லப்பட்ட மணப்பெண். 'ஃபிராங்கன்வீனி' (2012) படத்தில் உயிர் பெற்று வருவது ஒரு பாசக்கார நாய். ஒரு தப்பும் செய்யாதவங்க. மனசு இளகுவதில் என்ன அதிசயம்?

அதே 2012-இல் லைக்கா ஸ்டூடியோ எடுத்த 'பாராநார்மன்' நம்மை அவ்வளவு சுலபமாக விடவில்லை. (படம் பார்க்காதவர்கள் மன்னிக்க, கதையைச் சொல்லியாகணும்.) அமெரிக்காவில் ஒரு சின்ன ஊர். ஏழு ஸோம்பிகள் கல்லறையை விட்டு எழுந்து வருகின்றன. ஊர் சனம் கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு அடிக்கப் பாயுது. ஒருத்தர் மட்டும், ஸோம்பி நெருங்கி வரும்போதும், மெஷினில் காசு போட்ட சிப்ஸ் விழட்டும் என்று தவிப்பார். நம்மில் பலர் அப்படித்தான்! ஆனால் உண்மையில் பயந்து நடுங்குவது ஸோம்பிகள். செத்தவர்களோடு பேசத் தெரிந்த நார்மன் என்ற பையனிடம் உதவி கேட்கத்தான் வந்திருக்கின்றன.

சரி, யார் இவர்கள்? முந்நூறு வருஷத்துக்கு முன் அகதா என்ற சிறுமியைச் சூனியக்காரி என்று சொல்லிக் கொன்ற நீதிபதியும் அவர் கூட்டாளிகளும். அவளுடைய சாபம்தான் இவர்களை எழுப்புகிறது. "கர்மா சும்மா விடுமா?" என்று சொல்லிவிட்டு நாம் போய்விடலாம். ஆனால் அந்த நீதிபதி, பயத்தில் தாங்கள் செஞ்சது பெரிய தப்பு என்று ஒத்துக்கொள்கிறாரே?

இது வெறும் கற்பனை இல்லை. 1692-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து சேலத்தில் சூனியக் குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்டார்கள். டோரதி குட் என்ற நாலைந்து வயதுக் குழந்தையைக்கூடச் சிறையில் போட்டார்கள். அந்த நீதிபதிகளில் ஒருவர் சாமுவேல் சீவால். 1697-இல் பாஸ்டன் தேவாலயத்தில் எல்லார் முன்னாலும் அவர் எழுந்து நிற்க, அவர் எழுதிக் கொடுத்த மன்னிப்பைப் போதகர் வாசித்தார். தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டௌட்டன் கடைசி வரை மன்னிப்புக் கேட்கவில்லை. சீவால் நின்றதால் செத்தவர் யாரும் திரும்பி வரலை. ஆனாலும் இந்த ரெண்டு பேரையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனசு வரலை. சீவாலுக்காகப் பாவப்பட முடியுது. அதனால் அவர் கொடுத்த தீர்ப்பு நியாயமாகிவிடாது.

படமும் அந்த நீதிபதியை நியாயப்படுத்தவில்லை. இத்தனை காலமும் வருஷத்துக்கு ஒருமுறை கதைப் புத்தகம் வாசித்துத்தான் அகதாவைத் தூங்க வைத்திருக்கிறார்கள். நார்மன் அந்தப் புத்தகத்தை நம்பவில்லை. அவளுக்கு நடந்த கதையை அவளிடமே பேசுகிறான். அவர்கள் செஞ்சது கொடுமை, ஆனால் நீயும் இப்போ அவர்களைப் போல ஆகிவிட்டாய் என்கிறான். அவளுடைய அம்மாவை ஞாபகப்படுத்துகிறான். அவள் அடங்கிய பிறகுதான் ஸோம்பிகளுக்கும் விடுதலை.

இங்கேதான் எனக்கு உறுத்துது. கொன்றவர்களுக்கு விடுதலை கிடைக்க, கொல்லப்பட்டவள் ஏன் கோபத்தை விடணும்? அவள் நிம்மதிக்காக விடலாம், அது வேற. அந்த ஏழு பேருக்காக விடு என்று கேட்க, நார்மனுக்கும் உரிமை இல்லை என்றுதான் நினைக்கிறேன்.